கள்ளத்தொண்டை

மக்கா,

துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை நான்கு முறை கேட்டேன். முதல் முறை கேட்டபோது உன் அம்மை பக்கத்தில் இருந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று முறையும் வெளியே போய், தென்னை மரத்து மூட்டில் நின்று கேட்டேன். நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம், அதனால் திரும்ப எழுதுகிறேன். "அப்பா, ரிசப்ஷனுக்கு கிளப்புக்க பழைய ஆளுகள எல்லாம் கூப்பிடணும். ஷெரின் ஸ்கிரீனுக்குப் பெறகால நிண்ணு பாடட்டும். நிங்க மீசையும் முறுக்கிட்டு வெளிய வந்து வாய் அசைச்சா போதும். செம காமெடியா இருக்கும். அதாக்கும் அவளுக்க கடைசி ஸ்டேஜ்." அதன்பிறகு நீ சிரித்த சிரிப்பு என்னுடைய சிரிப்பு மாதிரியே இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பதிலுக்குக் குரலில் பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன், முடியவில்லை. இதை எழுத்தில் சொன்னால்தான் முழுதாகச் சொல்ல முடியும். நீ கட்டப்போகிற ஷெரினும் வாசிக்கட்டும், வேறு யார் வாசித்தாலும் எனக்கு இனி வெட்கமில்லை.

கிளப் என்றதும் நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம், கேரம் போர்டு, சுவரில் அப்பாவின் படம். புதுக்கடைச் சந்தையில் மூட்டை சுமக்கிற நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்திய இடம் அது. பகல் முழுக்க வாழைக்குலையும் சிமெண்டும் வத்தல் மூட்டையும் தலையில் ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் குளித்து வெள்ளை வேட்டி கட்டி அங்கே போய் உட்கார்ந்தால், அந்த இரண்டு மணி நேரம் எங்களை 'ஏலே' என்று கூப்பிட ஆள் கிடையாது. அதற்காகத்தான் போனோம். அந்தப் பெருமையை நான் இப்போதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதன் வாசல்படியை எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியும் மிதித்தது கிடையாது. ஆண்டுவிழா நாளில் மட்டும் மைதானத்தின் வலது பக்கம் கயிறு கட்டி விடுவோம், அதற்குள் அவர்கள் உட்கார வேண்டும். வந்த கலைஞர்களுக்குக் கிழங்கும் மீன்கறியும் வைப்பது அவர்கள், அதைப் பாத்திரத்தோடு வாசலில் வாங்கி உள்ளே கொண்டுபோவது நாங்கள். முதலாளி எங்களைத் திண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறான் என்று சங்கத்தில் கூட்டம் போட்டுக் கத்தியவர்கள்தான் நாங்கள்.

ஆண்டுவிழாவில் நடக்கிற பாட்டுக் கச்சேரிக்கு, அதுதான் கானமேளா, பெண் பாடகியைக் கூப்பிடக் கூடாது என்பது கிளப்பின் தீர்மானம். ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண் வந்து பாடியபோது எவனோ கூட்டத்திலிருந்து அசிங்கமாக ஏதோ சொல்லி அடிதடியாகிவிட்டது. சொன்னவனைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். நாங்கள் பாடகியைத் தள்ளி வைத்தோம். அப்படிக் காலியான இடத்தில்தான் நான் ஏறினேன். எனக்குக் கள்ளத்தொண்டை வரும். சொந்தக் குரலை ஒளித்துவைத்து மேலே ஒரு மெல்லிய குரலை எடுக்கிறதுக்கு நம்மூரில் அதுதான் பெயர். முதலில் மேடையின் ஓலைத்தட்டி மறைவில் நின்று பெண் குரலில் பாடுவேன். சனம் எல்லாம் கழுத்தை நீட்டிப் பெண்ணைத் தேடும். இரண்டாவது சரணத்தில் நான் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வருவேன். அந்த விசிலைக் கேட்க நான் வருடம் முழுவதும் காத்திருப்பேன். மீசையை வளர்த்ததே அதற்காகத்தான். நீ சின்னப் பிள்ளையில் அதைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் நான் எரிந்து விழுந்ததும் அதற்காகத்தான்.

உன் அம்மையைக் கல்யாணம் பண்ணிக் கொண்டுவந்த பிறகுதான் என் கள்ளத்தொண்டைக்கே ஒரு ஒழுங்கு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவள் பெண்பிள்ளையாக இருந்தபோது அவள் ஊர் சபைக் கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றவள். நான் வீட்டில் பயிற்சி எடுக்கும்போது அடுப்படியிலிருந்து குரல் வரும்: "அந்த எடத்துல மூச்சு எடுக்காதீங்க. வாக்கு ரெண்டாப் பிளந்து போவுது." பிறகு அவளே அந்த வரியைப் பாடிக் காட்டுவாள், கையில் துருவிக்கொண்டிருந்த தேங்காயோடு. நான் அதைக் கேட்டு, அதே மாதிரி எடுத்துக்கொண்டுபோய் மேடையில் வைப்பேன். கைதட்டு எனக்கு. வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று நான் சொல்லுவேன், அவள் சோறு வைத்துக்கொண்டே கேட்பாள். இதை ஒரு சந்தோஷமான குடும்பக் காட்சி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் நீயும் இருக்கிறாய். உனக்கு அப்போது ஆறு வயது. ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் லாரியிலிருந்து மிளகாய்வத்தல் மூட்டை இறக்கும்போது ஒன்று என் தலைமேலேயே பொட்டிச் சிதறிவிட்டது. கண்ணும் மூக்கும் தொண்டையும் வெந்துபோயின. அடுத்த நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சந்தை முழுக்க நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, என் பெயருக்கு முன்னால் 'இரட்டைக்குரல் மன்னன்' என்று வேறு போட்டிருந்தார்கள். உன் அம்மை தொண்டை கொப்பளிக்க உப்புவெள்ளம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தட்டிக்குப் பெறகால நான் நிண்ணு பாடுதேன். நிங்க வெளிய வந்து வாய் அசையுங்க. ஆருக்குத் தெரியப்போவுது?" கேட்டாயா மக்கா, நீ உன் குரல் செய்தியில் சொன்ன அதே ஐட்டம். நீ புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரித்தாய். உன் அப்பன் அதை இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே நடத்தியாகிவிட்டது. நீ அப்போது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதே தட்டி மறைவில்தான் நின்றாய்.

பிள்ளையைத் தொலைத்த தாய் பாடுகிற ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஆண் வரி கிடையாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். மேடை மைக்கை நானே அணைத்துவிட்டு, தட்டிக்குப் பின்னால் அவள் முன் ஒரு மைக்கை வைத்திருந்தேன். அவள் முதல் வரி எடுத்ததும் கூட்டம் அடங்கியது. என் பாட்டுக்கு அடங்கவே அடங்காத கூட்டம், விசிலடிக்க மட்டுமே வந்த கூட்டம். நான் வெளியே வந்தபோது யாரும் விசிலடிக்கவில்லை. மீசையைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த சுமட்டுக்காரர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் நடுவில் நின்று செத்த மைக்கின் முன் வாயசைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் செயலாளர் பொன்னையன் அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துப் பொன்னாடை போட்டார். அவளும் நீயும் பின்பக்கமாகவே இறங்கி, வாழைத்தோட்டம் வழியாக வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் பூரித்திருந்தது. "ஆளுக எழும்பி நிண்ணாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "உம்" என்றேன். தொண்டையில்லை என்ற சாக்கு அன்று எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில் உன்னைக் கூட்டிக்கொண்டு சாயாக்கடைக்குப் போனேன். கடை நிறைய நம்ம ஆட்கள். எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னையன் அண்ணன் உன்னைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்துக் கேட்டார்: "ஒனக்க அப்பாக்க பாட்டு கேட்டியாலே மக்கா?" நீ தலையை ஆட்டிவிட்டுத் தெளிவாகச் சொன்னாய்: "அப்பா பாடேல. அம்மையாக்கும் பாடினா." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது நான் சிரித்துக்கொண்டு ஆமா என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாள் கிண்டல் பண்ணியிருப்பார்கள். அவ்வளவுதான். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். மூட்டை தூக்குகிற கை, மக்கா. "கள்ளம் சொல்லுதியாலே?" என்று வராத தொண்டையில் கத்தினேன். நீ அழவில்லை, என்னையே பார்த்தாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுலே, கள்ளம் சொன்னேன்னு சொல்லு." நீ சொன்னாய். "கள்ளம் சொன்னேன்." எல்லோரும் சிரித்தார்கள். பொன்னையன் அண்ணன் உன் கையில் ஒரு பழம்பொரி வைத்தார். வீடு வருகிறவரை நீ அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய். எண்ணெய் உன் சட்டையெல்லாம் ஆகியிருந்தது.

நீ துபாயில் வெளியூர்க்காரர்களோடு பேசிப் பேசி 'பொய்' என்று சொல்லப் பழகியிருப்பாய். இங்கே அது இன்னும் கள்ளம்தான். பொய்க்கும் என் தொண்டைக்கும் ஒரே பேர். அன்று உன் கன்னத்தில் என் நான்கு விரலும் பதிந்திருந்ததை உன் அம்மை பார்த்தாள். எண்ணெய் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பிள்ள கள்ளம் சொல்லேல" என்றாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். சில மாதம் கழித்து நீயே அந்தக் கதையை மாற்றிச் சொல்லத் தொடங்கினாய். பள்ளிக்கூடத்தில், எங்க அப்பா பாடி ஊரையே அழவைத்தார் என்று சொன்னாயாம், உன் டீச்சர் வந்து என்னிடம் சொன்னார். உன் கண்ணால் பார்த்ததை உன் மனதிலிருந்தே அழித்துவிட்டேன் என்று அன்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் டீச்சரிடம் சிரித்தேன்.

இதோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று சொல்லலாம். அடுத்த வருடம் பொன்னையன் அண்ணன் வீடு தேடி வந்து, அதே பாட்டு வேண்டும் என்றார். அவர் போனதும் உன் அம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இந்த வருசம் நான் வெளிய நிண்ணு பாடட்டா? ஆளுகளுக்குப் பிடிச்சுதில்லியா?" என்று கேட்டாள். கல்யாணமான பிறகு அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நான் முதலில் ஊரைக் காரணம் காட்டினேன். "நீ மேடையில ஏறினா, மறுநாள் காலத்த சந்தையில எனக்குச் சுமடு தூக்கி வைக்க ஒருத்தனும் கை தரமாட்டான்" என்றேன். சுமடு தலையில் ஏற இன்னொருவன் கை வேண்டும், உனக்குத் தெரியும். ஆனால் அது உண்மையான காரணம் இல்லை. அவள் வெளியே நின்று வாயைத் திறந்தால் போன வருடம் பாடியது யார் என்று சந்தைக்கே தெரிந்துவிடும், அதுதான் என் பயம். அவள் விடவில்லை. "நல்லா இருந்துன்னு எல்லாரும் சொன்னாங்களே" என்றாள். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "அது ஒனக்க தொண்டைக்க குணம் இல்லட்டி. மைக்குக்க குணம். நல்ல மைக்கு கெடச்சுது, அம்புட்டுதான்."

அவள் அடுப்படிக்குப் போனாள். மைக் எங்கிருந்து வாடகைக்கு வந்தது, அது எவ்வளவு இரைகிற மைக் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மைக்கையும் தொட்டதில்லை. அதனால் நான் சொன்னதை நம்பினாள். அந்த வருடம் நான் மேடையேறி அதே பாட்டை என் கள்ளத்தொண்டையில் எடுத்தேன். மூன்றாவது வரியிலேயே கேலியாகக் கூவத் தொடங்கிவிட்டார்கள். "பழைய ஆளு எங்கவோய்?" என்று எவனோ கத்தினான். பாவம், சரியாகத்தான் கேட்டான். வத்தல் மூட்டை பொட்டியதில் தொண்டை போய்விட்டது என்று சொல்லி இறங்கினேன், அதன்பிறகு ஏறவில்லை. தொழிலில் குரலைப் பறிகொடுத்தவன் என்று கிளப்பில் என் படத்தை மாட்டினார்கள். அந்தக் கதையைத்தான் நீ ஷெரினிடம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறாய். என் தொண்டை பத்து நாளில் சரியாகிவிட்டது, மக்கா. இப்போது கிளப் கட்டடம் கோழிக்கடைக்காரனின் குடோன். தீவன மூட்டைகளுக்கு நடுவில் என் படம் கிடக்கட்டும், எடுத்து வர வேண்டாம்.

சபையில் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மை பக்கத்தில் நின்று ஒருநாள் கவனித்துப் பார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருப்பாள், உதடு சரியாக அசையும், எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே எடுப்பாள். சத்தம் வராது. இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். நான் ஒரே ஒரு பாட்டுக்கு மேடையில் செய்ததை அவள் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறாள். சபையில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரியும், ஒவ்வொரு வாரமும் தெரியும்.

போன வாரம் ஷெரின் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். பேச்சுவாக்கில், கானமேளாக் குழுவில் பாடுவதை இந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகச் சொன்னாள். உன் அம்மை ஏன் என்று கேட்டாள். "அவருக்கு நான் ஸ்டேஜ்ல பாடுறது இஷ்டம் இல்லம்மா. வீட்டில பாடினா போதும்னு சொல்லுறாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் அந்தப் பிள்ளை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு ஷெரினிடம், "வீட்டில ஆரு மக்கா பாடுவா? வீட்டில அடுப்புதான் கத்தும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வீட்டில் பாடினால் போதும் என்று சொல்கிற ஆம்பிளைக்கு வீட்டில் அதைக் கேட்க நேரம் இருக்காது, மக்கா. எனக்கு இருந்ததில்லை. நீ படித்தவன், வெளிநாடு பார்த்தவன், என்னை மாதிரி ஆகமாட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ என்னை மாதிரியேதான் ஆகியிருக்கிறாய், கொஞ்சம் நாகரிகமாக. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் உன்னை அறைந்து அறைந்து இதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், அதனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரிசப்ஷனில் தட்டி கட்ட வேண்டாம். ஷெரின் பாடுவதாக இருந்தால் முன்னால் நின்று பாடட்டும், கல்யாணத்துக்குப் பிறகும் பாடட்டும், அதற்கு உன்னிடம் சம்மதம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் பாடட்டும். கிளப்பு ஆட்களைக் கூப்பிடு. பொன்னையன் அண்ணன் இப்போது வடி ஊன்றித்தான் நடக்கிறார், காதும் மந்தம், ஆனாலும் வருவார். எல்லோரும் இருக்கும்போது நான் மைக் வாங்கி, அன்று பாடியது யார் என்று சொல்லப்போகிறேன். இதைக் காமெடி ஐட்டமாக நினைத்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நேற்று மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் யாரோ ஒரு கிழவன் நிற்கிறான், பார்க்க நன்றாக இல்லை.

இதுவரை எழுதியதை இன்று காலையில் உன் அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். வேலையை நிறுத்தாமல் கேட்டாள். மைக்குக்க குணம் என்ற இடம் வந்தபோது மட்டும் கை நின்றது. "அப்பம் அது மைக்கு இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். "இப்பம் சொல்லி எனக்க தொண்ட திரும்பி வருமா? நிங்க மேடையில பேசுங்க, பேசாம இரிங்க, அது நிங்களுக்க காரியம். எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். பிறகு, வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "பிள்ளைக்கு மட்டும் எழுதுங்க. அவன் அண்ணைக்கு ராத்திரி முழுக்க, 'அம்மா, நான் கள்ளம் சொல்லுத பிள்ளையா?'ன்னு கேட்டுட்டே கிடந்தான். நான் பதில் சொல்லேல. நிங்களுக்குப் பேடிச்சு சொல்லேல" என்றாள். நீ கேட்டதும், எனக்குப் பயந்து அவள் பதில் சொல்லாததும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே எழுதுகிறேன். நீ கள்ளம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் என்னிடம் பேச வேண்டாம், உன் அம்மைக்குப் போன் போடு. அவள் போனை எடுத்ததும், அன்று சாயாக்கடை மேசைமேல் உட்கார்ந்துகொண்டு சொன்ன அதே வாக்கை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அவளிடம் சொல்லு. அப்பா பாடேல. அம்மையாக்கும் பாடினா.